வீட்டு மொழி: ஆங்கிலம்

தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களுக்குக் கிடைக்கும் சான்றிதழில் மொழிப்பாடங்களும் உண்டு. டர்பன் நகரத்தில் நல்ல பள்ளி என்று பெயரெடுத்த ஏதோ ஒன்றில் படித்த ஜூலுப் பெண் ஒருத்தியின் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். அதில் 'ஆங்கிலம்: வீட்டு மொழி' என்று இருக்கும். இன்னொரு வரியில் 'ஜூலு: முதல் கூடுதல் மொழி' என்று இருக்கும். அவளை வளர்த்த பாட்டிக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்கு மேல் ஆங்கிலம் வராது. வீட்டில் சண்டையும் சிரிப்பும் பிரார்த்தனையும் ஜூலுவில்தான். தாளில் மட்டும் அது கூடுதல் மொழி.

கல்வித்துறையிடம் இதற்கு விளக்கம் உண்டு. 'வீட்டு மொழி', 'முதல் கூடுதல் மொழி' என்பவை பாடம் எந்தத் தரத்தில் நடக்கிறது என்பதைக் குறிக்கும் பெயர்கள், மாணவர் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சரி, பாடத்திட்டத்தின் முன்னுரையை எத்தனை பேர் படிக்கிறார்கள்? பன்னிரண்டு வருடம் நோட்டு அட்டையில் இந்தப் பெயர்களை எழுதிக்கொண்டே வளரும் பிள்ளையின் மனதில் பெயர்தான் தங்கும். விளக்கம் தங்காது.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் அதிகம் பேர் வீட்டில் பேசும் மொழி ஜூலு, 24.4 சதவீதம். அடுத்து கோசா 16.3, ஆஃப்ரிகான்ஸ் 10.6, செபெடி 10.0. ஆங்கிலம் 8.7 சதவீதத்தோடு ஐந்தாம் இடத்தில் நிற்கிறது. அப்படிப்பட்ட மொழி எப்படி இத்தனை பிள்ளைகளின் 'வீட்டு மொழி' ஆனது? பலர் இதை வெறும் ஆங்கில மோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து. தாய்மொழி என்ற சொல்லே அந்த நாட்டில் கறைபட்ட சொல். கறை எப்படி வந்தது என்று பார்த்தால்தான் இன்றைய வகுப்பறை புரியும்.

1953இல் 'பாண்டு', அதாவது கறுப்பினத்தவருக்கான, கல்விச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது சுதேசிகள் விவகார அமைச்சராக இருந்த ஃபெர்வூர்ட், பின்னாளில் பிரதமர் ஆனவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு முதல் எட்டு ஆண்டுகள் தாய்மொழியிலேயே பாடம் என்று அவர் ஆட்கள் ஏற்பாடு செய்தார்கள். காகிதத்தில் படித்தால் எந்தக் கல்வியாளரும் கைதட்டக்கூடிய திட்டம். உள்நோக்கம் வேறு. ஜூலு பேசுகிறவன் ஜூலுக்காரன், அவன் ஊர் குவாஜூலு. ட்ஸ்வானா பேசுகிறவன் ட்ஸ்வானா, அவன் ஊர் போபுதட்ஸ்வானா. ஆகவே ஜோகன்னஸ்பர்க்கில் அவர்கள் எல்லாரும் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள், அங்கே அவர்களுக்கு ஓட்டும் கிடையாது, உரிமையும் கிடையாது. மொழி, இனம், நிலம் மூன்றையும் ஒரே ஆணியில் அடித்த கணக்கு இது. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவில் வீடுகளைக்கூட மொழிவாரியாகப் பிரித்துத்தான் ஒதுக்கினார்கள். ஜூலுக்காரர்களுக்கு ஒரு பகுதி, சோத்தோக்காரர்களுக்கு இன்னொரு பகுதி, அந்தந்தப் பகுதியில் அந்தந்த மொழிப் பள்ளி.

தாய்மொழியில் எட்டு ஆண்டு படித்தவன் மேலே போனால் பாதிப் பாடம் ஆங்கிலத்தில், பாதி ஆஃப்ரிகான்ஸில். 1974இல் இதைக் கறாராக்கி, கணிதம் போன்ற பாடங்களை ஆஃப்ரிகான்ஸில்தான் நடத்தவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கியது அதற்கு எதிராகத்தான். போலீஸ் சுட்டது. செத்துக்கொண்டிருந்த ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனை இன்னொரு இளைஞன் தூக்கிக்கொண்டு ஓடும் சாம் நஜீமாவின் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அந்தப் பிள்ளைகள் ஆஃப்ரிகான்ஸ் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஜூலுவிலோ சோத்தோவிலோ பாடம் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. 1979இல் தாய்மொழிக் கட்டாயத்தை நான்கு ஆண்டாகக் குறைத்தபோது, பள்ளிகள் அதற்கு மேல் பெரும்பாலும் ஆங்கிலத்தையே எடுத்துக்கொண்டன.

அந்தத் தலைமுறை இன்று தாத்தா பாட்டி. 'தாய்மொழிக் கல்வி' என்று ஒரு அதிகாரி பேச ஆரம்பித்தால் அவர்களுக்கு எது ஞாபகம் வரும் என்று யோசித்துப் பார்த்தால், பேத்தியை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க ஏன் துடிக்கிறார்கள் என்பது விளங்கும்.

இனி அந்தப் பள்ளிகள். நிறவெறி ஆட்சியில் வெள்ளையர், இந்தியர், கலப்பினத்தவர், ஆப்பிரிக்கர் என்று நான்கு தரப்புக்கும் தனித்தனிக் கல்வித்துறை. ஆப்பிரிக்கர் பிரிவில், குவாஜூலு போல இனவாரியாகப் பிரித்த 'தாயகங்கள்' ஒவ்வொன்றுக்கும் இன்னொன்று. 1990இல் வெள்ளையர் கல்விக்கான அமைச்சர் பீட் கிளாசே, பெற்றோர் விரும்பினால் மற்ற இனப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏ, பி, சி என மூன்று மாதிரிகளை அறிவித்தார். சும்மா விரும்பினால் போதாது. பெற்றோரில் 80 சதவீதம் பேர் வாக்களித்து, 72 சதவீதம் பேர் சரி என்றிருக்க வேண்டும். 1992இல் அரசு செலவைக் குறைக்க நினைத்து பெரும்பாலான வெள்ளையர் பள்ளிகளை 'மாடல் சி' ஆக்கியது. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, மற்றச் செலவுக்குப் பெற்றோரிடம் கட்டணம். இன்று சட்டத்தில் அந்தப் பெயரே கிடையாது. பேச்சில் மட்டும் முப்பது வருடமாக உயிரோடு இருக்கிறது. 'மாடல் சி பொண்ணு', 'மாடல் சி ஆக்சென்ட்' என்று சொன்னால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், பள்ளி அப்படியே இருந்தது. அதே ஆசிரியர்கள், அதே காலைப் பிரார்த்தனை, அதே ஹாக்கி மைதானம், இரண்டாம் மொழியாக அதே ஆஃப்ரிகான்ஸ். புதிதாக வந்தவர்கள்தான் மாறவேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத விதி. நசீர் கரீம், கிரேன் சூடியென் போன்ற கல்வி ஆய்வாளர்கள் தொண்ணூறுகளிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். இனம் கலந்தது, பண்பாடு கலக்கவில்லை.

மாற்றம் முதலில் பெயரில் தொடங்குகிறது. ஜூலு, கோசா மொழிகளில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் உண்டு. ரோமன் எழுத்தில் சி, கியூ, எக்ஸ் என்று எழுதுவார்கள். அந்த ஒலி வரும் பெயரோடு வருகிற பிள்ளையை ஆசிரியர் தனக்கு வந்தபடி அழைப்பார். ஒரு மாதத்தில் பிள்ளை தானாகவே, 'என்னை இப்படிக் கூப்பிடுங்கள் போதும்' என்று ஒரு சுருக்கப் பெயரைக் கொடுத்துவிடும். இது புதிய கதையும் இல்லை. கூனு கிராமத்துப் பள்ளியில் ரோலிஷ்லாஷ்லா என்ற பையனுக்கு முதல் நாளே ஆசிரியை 'நெல்சன்' என்று பெயர் வைத்தார். அவர்தான் மண்டேலா. நாடு அவரைக் கடைசிவரை அன்பாகக் கூப்பிட்டதோ 'மடிபா' என்று. அது அவருடைய குலப்பெயர். ஒரே மனிதரிடம் பள்ளி கொடுத்த பெயரும் குலம் கொடுத்த பெயரும் சண்டையில்லாமல் இருந்தன. இனமொழி ஆய்வுக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாகப் பேசப்படும் 'அடையாளச் சிக்கல்' எல்லாருக்கும் சிக்கலாகவே முடிவதில்லை என்பதற்கு இதைவிடப் பிரபலமான சான்று வேண்டுமா?

அடுத்தது கண். பெரியவர் பேசும்போது தலையைத் தாழ்த்திக்கொள்வதுதான் ஜூலு வீடுகளில் மரியாதை. 'ஷ்லோனிபா' என்பார்கள். அதன் விதிகள் கண்ணோடு நிற்பதில்லை. பழைய வழக்கப்படி மருமகள் தன் மாமனாரின் பெயரை மட்டும் இல்லாமல், அந்தப் பெயரில் வரும் அசையைக் கொண்ட மற்றச் சொற்களையும் வாயால் சொல்லமாட்டாள், வேறு சொல் தேடிக்கொள்வாள். கணவன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிகள் இதில் பாதி தூரம்தான் வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பிள்ளையிடம் பள்ளியில், 'நான் பேசும்போது என் முகத்தைப் பார்!' என்று அதட்டுவார்கள். பார்க்கப் பழகிய பிள்ளை வீட்டில் அப்பாவை அப்படிப் பார்த்தால், அங்கே அதற்கு வேறு பெயர், திமிர்.

அப்புறம் உச்சரிப்பு. கேப் டவுன் பல்கலைக்கழக மொழியியலாளர் ராஜேந்திர மெஸ்திரி 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் நெடில் 'ஊ' ஒலியைத் தென்னாப்பிரிக்க வெள்ளையர் நாக்கை முன்னே தள்ளி, கிட்டத்தட்ட 'யூ' போலச் சொல்வார்கள். ஒரு காலத்தில் அந்த ஒலியைக் கேட்டாலே பேசுவது வெள்ளையர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மாடல் சி பள்ளிகளில் படித்து வந்த நடுத்தர வர்க்கக் கறுப்பின இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டதை அவர் அளந்து காட்டினார். ஒரு உயிரெழுத்து நிறத்திலிருந்து கழன்று வர்க்கத்தில் ஒட்டிக்கொண்டது. வேலைக்கான நேர்காணலில் அந்த 'ஊ'வுக்கு விலை உண்டு. டவுன்ஷிப்புக்கு, அதாவது கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய நகரோரக் குடியிருப்புக்குத் திரும்பி, தெருமுனையில் அதே 'ஊ'வோடு பேசினால் அதற்கும் ஒரு விலை உண்டு.

அந்த விலையின் பெயர் 'கோக்கநட்', அதாவது தேங்காய். வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை. ஆங்கிலத்தை மூக்கால் இழுத்துப் பேசுவதை 'ட்வாங்' அடிப்பது என்பார்கள். மதிய உணவு ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துக் கொண்டுபோகும் வசதியான வீட்டுப் பையன் 'சீஸ் பாய்'. பள்ளியில் கறுப்பினத்தவள் என்று கண்ணுக்குத் தெரிகிறாள், தெருவில் வெள்ளைக்காரி என்று காதுக்குக் கேட்கிறாள். பதினாலு வயதில் இரண்டையும் ஒரே நாளில், அதுவும் பஸ் ஏறி இறங்கும் இடைவெளியில் சமாளிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே சமாளிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பள்ளிவாசல் வரை ஒரு மொழி, உள்ளே ஒன்று, இடைவேளையில் கழிவறைப் பக்கம் மூன்றாவது ஒன்று. ஆளுக்கேற்ப மாற்றுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

எல்லாம் அமைதியாக நடந்துவிடவும் இல்லை. 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். செய்திகளில் பெரிதாக வந்தது தலைமுடி விவகாரம். இயற்கையான சுருள்முடியை 'ஒழுங்குபடுத்த'ச் சொல்கிறார்கள் என்பது முதல் புகார். கூடவே இன்னொரு புகாரும் இருந்தது, தங்களுக்குள் தாய்மொழியில் பேசினால் ஆசிரியர்கள் கண்டிக்கிறார்கள் என்று. முடியைப் படம் எடுக்கலாம், மொழியை எடுக்க முடியாது, அதனால்தானோ என்னவோ இரண்டாவது புகார் பத்திரிகைகளில் சீக்கிரம் மங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் மிக அழகாக இருக்கிறது. 1996 அரசியலமைப்பு பதினொரு மொழிகளை ஆட்சிமொழி ஆக்கியது. 2023இல் சைகை மொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. நடைமுறைக்குச் சாத்தியமான இடத்தில், விரும்பிய ஆட்சிமொழியில் கல்வி பெறுவது உரிமை. 'சாத்தியம்' என்றால் என்ன என்பதற்கு 1997 கொள்கை எண்ணே கொடுத்தது. ஆறாம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 40 பேர் கேட்டால், அதற்கு மேல் 35 பேர் கேட்டால், அந்த மொழியில் கற்பிக்க வழிசெய்ய வேண்டும். எந்த மொழியில் நடத்துவது என்று 2024 வரை இறுதியாகத் தீர்மானித்தது பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி நிர்வாகக் குழு.

நகரத்துப் பள்ளியில் ஜூலுவில் அறிவியல் நடத்து என்று 40 பெற்றோர் வந்து நிற்கும் காட்சியை யாரும் பார்க்கப்போவதில்லை. 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த எர்மெலோ வழக்கே இதற்கு உதாரணம். ம்புமலாங்கா மாகாணத்தில் ஆஃப்ரிகான்ஸ் மட்டும் நடக்கும் பள்ளியில் இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் எட்டாம் வகுப்புக்கு இடமில்லாமல் 113 கறுப்பினப் பிள்ளைகள் நின்றார்கள். மொழிக்கொள்கையை நிர்வாகக் குழு தன் சமூகத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யக்கூடாது, ஊரின் தேவையையும் பார்க்கவேண்டும் என்று நீதிபதி மோசெனெகே எழுதினார். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டது ஆங்கிலம். பள்ளி மொழிக்கொள்கைக்குக் கல்வித்துறையின் ஒப்புதலைக் கட்டாயமாக்கி 2024இல் ஜனாதிபதி ரமபோசா கையெழுத்திட்ட பேலா சட்டத்தைச் சுற்றி நடந்த பெரிய சண்டையும் ஆஃப்ரிகான்ஸ் பள்ளிகளைப் பற்றியதே. மொழிச் சண்டை என்றாலே இரண்டு ஐரோப்பிய வழி மொழிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. நாட்டின் முக்கால்வாசிப் பேரின் மொழிகள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

நிறவெறி ஆட்சியை எதிர்த்து ராபன் தீவில் பத்தாண்டு சிறையிருந்த கல்வியாளர் நெவில் அலெக்சாண்டர், வெளியே வந்தபின் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த விஷயத்துக்கே செலவழித்தார். ஆங்கிலத்தை யாராலும் அசைக்கவும் முடியாது, பெரும்பாலானவர்களால் அதை எட்டிப் பிடிக்கவும் முடியாது, சிக்கலே அதுதான் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதுவரை 'ஆப்பிரிக்கப் பிள்ளைகள்' என்று ஒரே கூட்டமாகப் பேசிவிட்டேன். ஜோகன்னஸ்பர்க் வகுப்பறைக்குப் போனால் அந்தப் பேச்சு செல்லாது. அப்பா சோத்தோ, அம்மா ஜூலு, எதிர்வீட்டில் வெண்டா, தெருவில் எல்லாம் கலந்த 'காசி' பேச்சு. இந்தப் பிள்ளையின் தாய்மொழி எது? பள்ளி ஒரே ஒரு ஆப்பிரிக்க மொழிக்குத்தான் ஆசிரியர் வைத்திருக்கும், பல இடங்களில் அது ஜூலு. ட்சோங்கா வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தை 'வீட்டு மொழி'யாகவும் ஜூலுவைக் 'கூடுதல்' மொழியாகவும் படித்துவிட்டு வரும், சொந்த மொழி பாடப் பட்டியலிலேயே இல்லை. போதாததற்கு, ட்சோங்கா பேசுபவர்களைக் குறிக்கும் 'ஷங்கான்' என்ற சொல் பிள்ளைகள் நடுவில் கேலியாகவே புழங்குகிறது. வெண்டா, ட்சோங்கா பிள்ளைகள் ஜூலு பேசக் கற்று ஊரோடு கலந்துபோவது நடக்கிற கதை. ஆங்கிலத்துக்கு முன்னால் எல்லா மொழியும் ஒன்றுபோலச் சிறியவை என்றால், அந்தச் சிறியவற்றுக்குள்ளும் ஒரு படிக்கட்டு இருக்கிறது.

அந்தப் படிக்கட்டு எவ்வளவு கொடூரமாக முடியும் என்பதை 2008 மே மாதம் காட்டியது. வெளிநாட்டவருக்கு எதிரான வன்முறையில் 62 பேர் செத்தார்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தென்னாப்பிரிக்கர்களே. கும்பல் வழிமறித்துத் தன் முழங்கையைக் காட்டி, ஜூலுவில் இதற்கு என்ன பேர் என்று கேட்கும். 'இண்டொலொல்வானே' என்று சரியாகச் சொல்லத் தெரியாதவன் அந்நியன். நாட்டின் வடகோடியிலிருந்து வந்த சொந்தக் குடிமகனுக்கும் அந்தச் சொல் தெரியாமல் போகலாம். ஜிம்பாப்வேயிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் ஷோனா பேசாமல் ஒளிப்பதும், ஜூலுவை மளமளவென்று பிடித்துக்கொள்வதும் ஏன் என்று வேறு விளக்கம் தேவையில்லை.

1944இலேயே ஜேக்கப் நஷ்லாபோ என்ற கல்வியாளர் ஒரு யோசனை சொன்னார். ஜூலு, கோசா, ந்டெபெலே, ஸ்வாதி எல்லாம் ஒருவருக்கொருவர் புரியும் மொழிகள், சேர்த்து ஒரே எழுத்துமொழி ஆக்குவோம், சோத்தோ வகைகளையும் அப்படியே செய்வோம் என்றார். பின்னாளில் நெவில் அலெக்சாண்டர் அதைத் தூசுதட்டி எடுத்தபோது ஒவ்வொரு மொழிக்காரரும் கோபப்பட்டார்கள். மிஷனரிகள் ஆளுக்கொரு வட்டாரத்தில் உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்த்து வரைந்த கோடுகளை நிறவெறி அரசு வேலியாக்கியது. இப்போது வேலிக்கு இருபுறமும் இருப்பவர்களுக்கே அது சொந்த வீட்டு மதில் ஆகிவிட்டது.

மறுபடி டர்பனுக்கு வருவோம். இங்கேதான் இந்தக் கதைக்குள் தமிழர்கள் வருகிறார்கள். 1860க்கும் 1911க்கும் இடையில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே வந்த தமிழரும் தெலுங்கரும். இந்தியர்களை ஒதுக்கிவைக்க அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்தையும் 1976இல் ஃபீனிக்ஸையும் டர்பன் ஓரக் குடியிருப்புகளாக உருவாக்கினார்கள். சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்தில் ஜூலு டவுன்ஷிப்பான உம்லாசி, ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் குவாமாஷுவும் இனாண்டாவும். இடையில் வெறும் சாலைதான்.

அதே அறுபதுகளில்தான் அந்த வீடுகளில் தமிழ் ஓய்ந்தது. மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைக் கொண்டுவந்து தம்பி தங்கையிடம் பேசியது. அவர்கள் அம்மாவிடம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். பாட்டி போனதும் தமிழில் பேச ஆள் இல்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் போராடவும் இல்லை. எண்பதுகளில் இந்தியர் பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாக வைத்தபோது அது பிள்ளைகளுக்கு வேற்றுமொழியாகவே இருந்தது. 1996 அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, மதித்து வளர்க்கவேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெருமைதான், என்ன செய்ய, அதை வீட்டில் பேசுவோர் அதற்கு முன்பே அருகிவிட்டார்கள்.

ஆனால் தமிழர் என்ற அடையாளம் போகவில்லை. முதலி 'மூட்லி' ஆகவும் படையாச்சி அப்படியேயும் கடைப் பலகைகளில் இருக்கிறார்கள். தைப்பூசத்தில் காவடி தோளில் ஏறுகிறது. 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன, 'பிள்ளை' என்ற குடும்பப்பெயரால் அறியப்படும் வழக்கு டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் தொடங்கியது. மாணவி மூக்குத்தி போட்டு வந்தாள், விதிக்கு முரண் என்றது பள்ளி. அது தென்னிந்தியத் தமிழ் இந்துப் பண்பாட்டின் வெளிப்பாடு, பள்ளி விலக்கு அளித்திருக்க வேண்டும் என்றார் தலைமை நீதிபதி பையஸ் லாங்கா. தமிழ் அடையாளம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றப் படியேறி வென்ற நாளில் அதைத் தாங்கி நின்றது ஒரு மூக்குத்தி.

மொழி போனால் இனம் போச்சு என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு டர்பன் தமிழர்கள் ஒரு சங்கடம். ஜூலுப் பிள்ளைகளைப் பார்த்து அதே வாசகத்தைச் சொல்கிறவர்களுக்கும்தான். மொழியும் இனமும் ஒரே ஆணியில் தொங்குகின்றன என்பது ஃபெர்வூர்டின் கணக்கு. வாழ்க்கை அப்படி நடப்பதில்லை. ஜூலு அழிந்துபோகவும் வழியில்லை, ஒன்றரைக் கோடியை ஒட்டியவர்கள் பேசும் மொழி அது. போவது அதன் தகுதி. பாட்டியோடு பேச ஜூலு, இயற்பியலுக்கு ஆங்கிலம் என்ற பங்கீடு உறுதியாகிவிட்டால், அந்த மொழியில் சமையலறையைத் தாண்டிய எதையும் சொல்ல முடியாது என்று அதைப் பேசும் பிள்ளையே நம்பத் தொடங்குகிறது.

எண்களைப் பாருங்கள். ஜூலுவில் ஒன்பதுக்கு 'இசிஷியகலொலுன்யே' என்று பெயர். ஒரு விரலை விட்டுவிடு என்று பொருள். பத்து விரலில் ஒன்றை மடக்கினால் ஒன்பது, கையே கணக்கு. அழகான சொல், ஆனால் தொண்ணூற்றொன்பது சொல்வதற்குள் மூச்சு வாங்கும். சந்தையிலும் தொலைபேசி எண் சொல்லும்போதும் ஜூலுக்காரர்கள் ஆங்கில எண்களையே சொல்கிறார்கள். டவுன்ஷிப் பள்ளியில் முதல் மூன்று வகுப்பு தாய்மொழி வழி. பிள்ளை தெருவில் 'நயன்' என்று கேட்டுவிட்டு வந்து, வகுப்பில் புத்தக ஜூலுவின் நீண்ட சொல்லோடு மல்லுக்கட்டும். 2024 வரை நான்காம் வகுப்பில் எல்லாப் பாடமும் திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். 2021 பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் படித்ததைப் பொருள் புரிந்துகொள்ள முடியாதவர்களாக இருந்தார்கள். மாடல் சி பள்ளியை நோக்கி விடிகாலையில் வேன் ஏறும் பிள்ளைகள் தப்பி ஓடுவது இந்த எண்ணிலிருந்துதான். அவர்களை மோகம் பிடித்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 ஜனவரியிலிருந்து நான்காம் வகுப்பில் கணிதத்தையும் அறிவியலையும் தாய்மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழி வழியில் கொண்டுபோகும் திட்டத்தை அரசு தொடங்கியிருக்கிறது. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் கோஃபிம்வாபா பகுதிப் பள்ளிகள் 2012லிருந்தே கோசாவில் இதைச் செய்துபார்த்திருக்கின்றன. எனக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம். இது ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கானது. வசதியுள்ளவர்கள் படிக்கும் நகரத்துப் பள்ளிகளின் கணித வகுப்பில் ஒரு ஜூலுச் சொல்கூட நுழையாதவரை, எது உயர்ந்த மொழி என்பதைப் பிள்ளைகள் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பள்ளிகளில் இன்று பல இடங்களில் மாணவர்களில் பெரும்பாலோர் ஜூலு, ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் பகுதியில் அரசுக் கணக்குப்படி 36 பேர் கொல்லப்பட்டபோது, இந்தியர்கள் போட்ட சாலைத் தடுப்பின் இருபுறமும் இருந்தவர்களில் ஒரே பள்ளியில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆஃப்ரிகான்ஸ் மெல்ல விலகி, முதல் கூடுதல் மொழியாக ஜூலு பல பள்ளிகளில் வந்திருக்கிறது. குவாஜூலு நேட்டால் பல்கலைக்கழகம் 2014லிருந்து இளங்கலை மாணவர்கள் ஜூலுப் பாடம் ஒன்றைக் கட்டாயம் முடிக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறது.

ஆக, வகுப்பில் ஒரே பெஞ்சில் மூட்லி வீட்டுப் பையனும் குமாலோ என்ற ஜூலு வீட்டுப் பெண்ணும். ஆங்கில வகுப்பில் இருவருக்கும் அது 'வீட்டு மொழி', மூட்லிக்கு அது நிஜமும்கூட, இரண்டு தலைமுறையாக. ஜூலு வகுப்பு வந்தால் இருவருக்கும் அது 'கூடுதல் மொழி'. ஆசிரியை மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பாடத்தை எளிதாக்கி, வாழைப்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் பெயர் எழுதச் சொல்கிறார். குமாலோ இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூட்லி அவள் நோட்டை எட்டிப் பார்க்கிறான்.